பெரியாஸ்பத்திரிக்கு வெளியே நடந்த வைத்தியம்

2020 மார்ச் 25 அதிகாலையில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நடுவயது ஆண் ஒருவர் இறந்தார். தமிழ்நாட்டின் முதல் கரோனா மரணம் அது. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய நாளும் அதுவே. ஓமனிலிருந்து திரும்பிய ஒருவருக்குத் தொற்று இருப்பது மார்ச் 7-இல் தெரிய வந்திருந்தது. அவர்தான் மாநிலத்தின் முதல் நோயாளி. அதற்குப் பின் பதினெட்டே நாட்களில் மரணம் வந்துவிட்டது. மதுரைக்காரர்களின் வாயில் அந்த மருத்துவமனைக்குப் ‘பெரியாஸ்பத்திரி’ என்று பெயர். தென் மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் கடைசி நம்பிக்கையோடு மக்கள் வந்து சேரும் இடம் அது. அன்று அங்கே மருத்துவர்களின் வேலை ஒரு வகையில் முடிந்தது. இன்னொரு துறையின் வேலை அப்போதுதான் தொடங்கியது.

இறந்தவர் வெளிநாடு போய் வந்தவர் அல்ல என்பதே அந்தத் துறையைப் பதற வைத்தது. விமானத்தில் வந்திறங்கியவர்களைப் பட்டியல் போட்டுக் கண்காணித்தால் போதும் என்ற கணக்கு அங்கே உடைந்தது. அவருக்கு யாரிடமிருந்து வந்தது? அவர் யார் யாரோடு பேசினார், எங்கே உட்கார்ந்தார்? அவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் இப்போது எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? சிகிச்சை தரும் மருத்துவருக்கு இந்தக் கேள்விகள் இரண்டாம்பட்சம். பொதுச் சுகாதாரத் துறைக்கோ இவைதான் முதல் கேள்விகள். மருத்துவமனை தன்னிடம் வந்தவரைப் பார்க்கிறது. பொதுச் சுகாதாரத் துறை இன்னும் வராதவரைத் தேடிப் போகிறது. அடுத்த மூன்று ஆண்டுகளில் மதுரை பட்ட பாட்டையும் பிழைத்த விதத்தையும் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வது அவசியம்.

கேட்கத் தொடங்கிய காலம்

இந்தத் தேடலுக்கு மதுரைச் சமவெளியில் 200 ஆண்டு வரலாறு உண்டு. 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி, கோயம்புத்தூர் பகுதிகளை ஒரு கொடிய காய்ச்சல் சூறையாடியது. சென்னை அரசாங்கம் காரணத்தைக் கண்டறிய ஒரு குழுவை அமைத்தது. மழை எப்போது பெய்தது, நிலம் எப்படிப்பட்டது, என்ன பயிர், நீர் எங்கே தேங்குகிறது என்றெல்லாம் அந்தக் குழு விசாரித்தது. அதன் அறிக்கை 1816-இல் லண்டனில் அச்சானது. சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. மலேரியாவைச் சுமப்பது கொசு என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடிக்க 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழுவுக்குக் கிருமியும் தெரியாது, கொசுவின் பங்கும் தெரியாது. ஆனால் ஒரு நோயைப் புரிந்துகொள்ள நோயாளியின் உடலை மட்டும் பார்த்தால் போதாது, அவர் வாழும் ஊரையும் பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் பிடித்துவிட்டார்கள்.

அதே 1897-இல் பம்பாய் பிளேக்குக்குப் பயந்து பிரிட்டிஷ் அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மொத்தம் நான்கே பிரிவுகள். கப்பலையும் ரயிலையும் நிறுத்தவும், வீடு புகுந்து சோதிக்கவும், மீறியவரைத் தண்டிக்கவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. நோய் வராத நாளில் யார் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரியும் கிடையாது.

அந்த இடைவெளியை நிரப்பியது 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமர் ராஜாஜி. சுகாதார அமைச்சர் டி.எஸ்.எஸ். ராஜன், தொழிலால் மருத்துவர். குடிநீர், சாக்கடை, கொசு ஒழிப்பு, உணவுக் கலப்படம், தாய்சேய் நலம், சத்திரங்கள், சந்தைகள், திருவிழாக்கள் என்று அன்றாட வாழ்க்கையின் ஒவ்வொரு மூலையையும் அந்தச் சட்டம் தொட்டது. எந்த நோய்களை உடனே அறிவிக்க வேண்டும், அறிவிக்கும் கடமை யாருக்கு, சுகாதார அலுவலருக்கு என்ன அதிகாரம் என்று அது வரையறுத்தது. சட்டம் வருவதற்கு முன்பே, 1920-களின் தொடக்கத்திலேயே, பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம் சென்னையில் உருவாகியிருந்தது.

விடுதலைக்குப் பிறகு பல மாநிலங்கள் பொதுச் சுகாதாரப் பணியை மருத்துவப் பணியோடு கலந்துவிட்டன. கலந்ததும் பணமும் கவனமும் மருத்துவமனைகள் பக்கமே போயின. தமிழ்நாடோ இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டது. பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநர், தனி நிதி, மாவட்டத்துக்குத் துணை இயக்குநர், அவருக்குக் கீழே வட்டார மருத்துவ அலுவலர், சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர் என்று ஒரு நீண்ட சங்கிலி. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரு கிராமத்தில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு வந்தால், அந்தச் செய்தி மேலே போய்ச் சேர வழி இருந்தது.

மதுரைக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985-இல் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தை இங்கே நிறுவியது. வைகைப் பாசன வயல்களில் தேங்கும் நீரில் வளரும் கொசு மூளைக்காய்ச்சலை எப்படிப் பரப்புகிறது என்பது அதன் முக்கிய ஆய்வுகளில் ஒன்று. கொள்ளைநோய் வரும் முன்பே ஊரைப் படித்து வைக்கும் பழக்கம் இந்த மண்ணில் இருந்தது.

ஒரு நோயாளி, ஒரு பட்டியல்

கரோனா காலத்தில் ஒரு பரிசோதனை முடிவு ‘பாசிட்டிவ்’ என்று வந்தவுடன் என்ன நடந்தது என்பதை அருகே நின்று பார்க்கலாம்.

மூக்கின் பின்புறத்திலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் எடுத்த சளி மாதிரி, இளஞ்சிவப்பு நீர்மம் உள்ள சிறு குழாயில் போடப்படும். குச்சியை ஒடித்து, மூடியைத் திருகி, பெயரும் எண்ணும் ஒட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறைகளில் பொதிந்து, பனிக்கட்டிப் பொதிகளோடு குளிர்ப்பெட்டியில் வைப்பார்கள். பெட்டி மதுரை மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்குப் போகும். அங்கே ஆர்.டி.பி.சி.ஆர். இயந்திரம் வைரஸின் மரபணுத் துண்டைப் பல்லாயிரம் கோடி நகல்களாகப் பெருக்கித் தேடும். சில மணி நேரத்தில் முடிவு தெரியும். வரிசை நீளமாக இருந்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அந்தத் தாமதத்தில் பலருக்குப் பரவிவிடலாம் என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

முடிவு வந்ததும் சுகாதார ஆய்வாளர் கையில் ஒரு படிவத்தோடு வீட்டுக்குப் போவார். துறைக்குள் அதை ‘லைன் லிஸ்ட்’ என்பார்கள். ஒருவருக்கு ஒரு வரி. பெயர், வயது, கதவு எண், கைபேசி எண், முதல் அறிகுறி தோன்றிய நாள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உண்டா, வீட்டில் எத்தனை பேர், கடந்த 14 நாட்களில் எங்கெல்லாம் போனார், யாரோடு 15 நிமிடத்துக்கு மேல் இருந்தார். கேட்பதற்கு எளிய கேள்விகள்தான். ஆனால் காய்ச்சலோடு பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம், வாசலில் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்க, “அண்ணே, போன செவ்வாய்க்கிழமை எங்க போனீங்க?” என்று பொறுமையாகக் கேட்டு உண்மையான பதிலை வாங்குவது பயிற்சி தேவைப்படும் கலை. திருமண வீட்டுக்குப் போனதைச் சொன்னால் அந்தக் குடும்பத்துக்கே சங்கடம் என்று மறைப்பவர்கள் உண்டு. வேலை போய்விடும் என்று முதலாளியின் பெயரைச் சொல்லாதவர்கள் உண்டு. கேட்பவர் தெருவுக்குத் தெரிந்த முகமாக இருந்தால்தான் வாய் திறக்கும்.

இங்கேதான் பழைய முதலீடு கைகொடுத்தது. டெங்குக் காலத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளிலும் பழைய டயர்களிலும் கொசுப்புழு தேடிய பணியாளர்கள், இப்போது காய்ச்சல் கணக்கெடுப்புக்கு அனுப்பப்பட்டார்கள். கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளில் ஒரு பணியாளருக்கு 50 வீடு என்று பங்கிட்டுக் கொடுத்தது துறை. எந்தச் சந்து எங்கே முட்டும், எந்த மாடியில் தனியாக ஒரு மூதாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் மூன்று குடும்பம் குடியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். தடமறிதல் என்று அறிவியல் நூல்கள் சொல்வதை நடத்திக் காட்டியவர்கள் தினக்கூலிக்கும் ஒப்பந்தச் சம்பளத்துக்கும் வேலை பார்த்த இவர்களும், பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக் கொட்டிய செவிலியர்களும், தெருவைப் பெருக்குவதை ஒருநாளும் நிறுத்தாத தூய்மைப் பணியாளர்களும்தான்.

மதுரைக்கு வந்த முழு ஊரடங்கு

முதலில் சென்னை. 2020 ஜூனில் அலை தெற்கே நகர்ந்து மதுரையில் வேகமாக ஏறியது. ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மதுரை மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியப் பகுதிகளில் முழு ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மாத இறுதி வரை என்று அறிவித்தது, படிப்படியாக ஜூலை 14 வரை நீண்டது.

பரவை ஏன் பட்டியலில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மதுரையின் காய்கறி மொத்த வணிகத்தில் பெரும்பங்கு நடக்கும் இடம் அது. பல ஊர் லாரிகள் இரவில் வந்து நிற்கும். சுமை தூக்குவோரும் வியாபாரிகளும் ஓட்டுநர்களும் ஒரு கூரையின் கீழ் நெருங்கி நிற்பார்கள். விடிந்ததும் ஆளுக்கொரு திசையில் பிரிந்து போவார்கள். சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து 2020 மே மாதம் தொற்று பல மாவட்டங்களுக்குப் பரவியதை மாநிலம் அப்போதுதான் பார்த்திருந்தது. மாநகராட்சி எல்லைக்கு வைரஸ் கட்டுப்படாது. எல்லைக் கோட்டை நோயின் போக்கைப் பார்த்து வரைய வேண்டும் என்ற பாடம் கோயம்பேட்டில் கற்றது.

ஊரடங்கால் நோய் தானாகப் போய்விடாது. பரவலின் வேகத்தைக் குறைத்து, துறைக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் என்ன செய்தார்கள் என்பதே கேள்வி. மதுரையில் தெருமுனைகளில் காய்ச்சல் முகாம்கள் பெருகின. ஒரு மேசை, நான்கு நாற்காலி, வெப்பமானி, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சிறு கருவி, மாத்திரைகள். மூச்சு வாங்குவதாக ஒருவர் உணரும் முன்பே இந்த நோயில் ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கிவிடுவது உண்டு. 94-க்குக் கீழே காட்டினால் அங்கிருந்தே வண்டி ஏற்றி அனுப்பலாம். பெரியாஸ்பத்திரியின் நுரையீரல் வார்டில் ஒரு கட்டிலை மிச்சப்படுத்துவது பெரும்பாலும் இந்த மேசைதான்.

லேசான அறிகுறி உள்ளவர்களை அனுப்பிய இடங்களுள் ஒன்று தோப்பூர். நகருக்கு வெளியே, திறந்த வெளியில், காசநோயாளிகளுக்கென்று பல பத்தாண்டுகளுக்கு முன்பு எழுப்பிய நெஞ்சக நோய் மருத்துவமனை அது. காற்றின் வழியே பரவும் நோய்க்குக் காற்றோட்டமே முதல் மருந்து என்று காசநோய் மருத்துவர்கள் அறிந்து கட்டிய கட்டடம், இன்னொரு சுவாச நோய்க்கும் பயன்பட்டது. 2021 மே மாதம் டெல்டா அலை உச்சத்தில் நின்றபோது, ஆக்சிஜன் வசதியுடன் 500 படுக்கைகள் கொண்ட சிகிச்சை மையமும் தோப்பூரில்தான் எழுந்தது. அந்த மாதம் 21-ஆம் தேதி மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது.

ஊரடங்குக்கு ஊர் கொடுத்த விலையையும் சேர்த்தே எழுத வேண்டும். 2020 மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. மக்கள் திரையில் பார்த்தார்கள். அழகர் அந்த ஆண்டு வைகையில் இறங்கவில்லை. மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போக வழியில்லாமல் மல்லிகை செடியிலேயே வாடியது. அன்றன்று சம்பாதித்து அன்றன்று சாப்பிடும் வீடுகளுக்கு ஒவ்வொரு கூடுதல் நாளும் பட்டினியைக் கொண்டு வந்தது. நல்ல சுகாதாரத் துறை இந்த விலையை அறிந்து, எவ்வளவு குறுகிய பகுதியில், எவ்வளவு குறைந்த நாட்களுக்கு மூடினால் போதும் என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்குக்குத் தரவு வேண்டும்.

வீதியிலிருந்து அறிவியல் இதழுக்கு

சுகாதார ஆய்வாளர்கள் கையால் நிரப்பிய அந்த வரிகள் எங்கே போய்ச் சேர்ந்தன? உலகின் முன்னணி அறிவியல் இதழ்களில் ஒன்றான ‘சயின்ஸ்’ வரை போயின.

2020 செப்டம்பர் இறுதியில் பொதுச் சுகாதார ஆய்வாளர் ரமணன் லட்சுமிநாராயணன் தலைமையில் ஒரு குழு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தொற்று உறுதியான 84,965 பேரின் தொடர்பில் வந்த 5,75,071 பேரைப் பற்றிய தரவு அதில் இருந்தது. கரோனாத் தடமறிதல் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளில் மிகப் பெரியது அது. அன்றைய தமிழ்நாடு சுகாதாரத் துறைச் செயலர் ஜெ. ராதாகிருஷ்ணன் ஆசிரியர்களில் ஒருவர்.

கண்டவை முக்கியமானவை. தொற்றுற்றவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர், தேடிப் பார்த்த தொடர்புகளில் ஒருவருக்கும் நோயைக் கொடுக்கவில்லை. மிகச் சிலரே பலருக்குப் பரப்பினார்கள். ஒரே வயதுக் குழந்தைகளுக்குள் பரவல் கணிசமாக இருந்தது. பணக்கார நாடுகளைவிட இங்கே இறப்பு இளைய வயதிலேயே குவிந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு வேறொரு நாள்பட்ட நோயும் இருந்தது; சர்க்கரை நோய் அதில் முன்னணி.

இந்த முடிவுகள் கொள்கையை மாற்றக் கூடியவை. சிலரே பலருக்குப் பரப்புகிறார்கள் என்றால், ஊர் முழுவதையும் பூட்டுவதைவிட நெரிசலான, காற்று புகாத இடங்களைக் கண்டுபிடித்துக் கட்டுப்படுத்துவது பலன் தரும். சர்க்கரை நோயாளிகள் அதிகம் இறக்கிறார்கள் என்றால், அவர்களின் மாத்திரை ஊரடங்கிலும் தடைபடாமல் வீட்டுக்குப் போக வேண்டும். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வாசலுக்கே கொண்டு போகிறது. தேடிப் போகும் பழைய வழக்கம் தொற்றா நோய்க்கும் நீண்டது.

ரத்தத்தில் நோய் எதிர்ப்பொருள் உள்ளதா என்று பார்க்கும் ஆய்வைத் துறை 2020 அக்டோபர், நவம்பரில் மாநிலம் முழுக்க 26,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தியது. ஏறத்தாழ பத்தில் மூவருக்குத் தொற்று வந்து போயிருந்தது. நகர்ப்புறத்தில் 37 விழுக்காடு, கிராமப்புறத்தில் 27. பரிசோதனையில் பிடிபட்ட எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு மக்கள் அறியாமலே நோயைக் கடந்திருந்தார்கள்.

பரிசோதனையின் தரத்திலும் மாநிலம் பிடிவாதம் காட்டியது. சீனாவிலிருந்து வந்த துரிதப் பரிசோதனைக் கருவிகள் நம்பத்தக்கவை அல்ல என்று 2020 ஏப்ரலில் திருப்பி அனுப்பப்பட்டன. பல மாநிலங்கள் பின்னர் வேறு துரித முறைகளுக்குப் போனபோதும் தமிழ்நாடு ஆர்.டி.பி.சி.ஆர். முறையிலேயே நின்றது. பரிசோதனையின் தரம் எவ்வளவு முக்கியம் என்பதை வெளிநாடுகளும் காட்டின. அமெரிக்காவில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அனுப்பிய முதல் பரிசோதனைக் கருவிகளில் குறை இருந்ததால் 2020 பிப்ரவரியில் பல வாரங்கள் வீணாயின. தென் கொரியாவோ 2015-இல் மெர்ஸ் நோயில் 38 பேரை இழந்த பிறகு சட்டத்தை மாற்றி, நெருக்கடியில் கருவிகளுக்கு உடனடி ஒப்புதல் தரும் வழியை முன்பே வகுத்திருந்தது. செல்வத்தில் அமெரிக்காவை எட்டாத நாடு 2020-இல் பரிசோதனையில் அதை முந்திக்கொண்டது.

சொல்வதும் தடுப்பதும்

கொள்ளைநோயில் வதந்தி வைரஸைவிட வேகமாக ஓடும். அதோடு, ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றமும் சேர்ந்துகொள்ளும். 2020 ஏப்ரல் 1 அன்று திருப்பூரில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. சந்தைக்குள் போகிறவர் மீது மருந்து தெளிக்கும் கூண்டு. பார்க்க நன்றாக இருந்தது. பல ஊர்கள் வேகமாகப் பின்பற்றின. உடலுக்குள் இருக்கும் வைரஸை மேலே தெளிக்கும் மருந்து தொடாது. கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல். அதே மாதத்தில் பொதுச் சுகாதாரத் துறை அந்தச் சுரங்கங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. கைதட்டல் கிடைக்கும் ஒரு காரியத்தை நிறுத்தச் சொல்வதற்கு அறிவியலும் துணிச்சலும் இரண்டும் வேண்டும்.

எல்லா நேரத்திலும் அந்தத் துணிச்சல் வாய்க்கவில்லை. 2021 மே மாதம் ரெம்டெசிவிர் மருந்துக்காக மதுரை மருத்துவக் கல்லூரியில் அரசு விற்பனை மையம் திறந்தபோது, நோயாளிகளின் உறவினர்கள் நெருக்கியடித்து வரிசையில் நின்றார்கள். வீட்டில் ஒருவர் மூச்சுக்குப் போராட, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு நின்றவர்களைக் குறை சொல்ல முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே அந்த மருந்தைப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்று சொல்லியிருந்தது. அந்தச் செய்தி வரிசையில் நின்றவர்களுக்கும், சீட்டு எழுதியவர்கள் பலருக்கும் உரிய நேரத்தில் உறைக்கும்படி சொல்லப்படவில்லை. சில நாட்களில் விற்பனை மையங்கள் மூடப்பட்டு, மருத்துவமனைகளுக்கே மருந்து நேரடியாகப் போகும் ஏற்பாடு வந்தது.

எப்படிச் சொல்கிறோம் என்பதும் நோயைப் பாதிக்கும். டெல்லியில் நடந்த ஒரு சமயக் கூட்டத்தோடு தொடர்புள்ள தொற்றுகளை 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அதன் பெயரிட்டே தினமும் அறிவித்தார்கள். ஒரு சமூகமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது. சில நாட்களில் மாநில அரசு ‘ஒரே மூலத் தொற்று’ என்று சொல்லத் தொடங்கியது. பழி விழும் என்று பயந்தால் யாரும் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். வராதவர் மூலம் நோய் பரவும். ஒரு மனிதரின் மானத்தைக் காப்பது நோய்த் தடுப்பின் பகுதி.

அதே மாதம் சென்னையில் கரோனாவில் இறந்த மூத்த மருத்துவர் ஒருவரின் அடக்கத்தை ஒரு கூட்டம் தாக்கித் தடுத்தது. அதற்குப் பிறகு அரசு 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் அவசரத் திருத்தம் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தவரின் அடக்கத்தையோ தகனத்தையோ தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. 2021 மே 20 அன்று கருப்புப் பூஞ்சை நோயை அறிவிக்க வேண்டிய நோயாக்கியதும் அந்தப் பழைய சட்டத்தின் பலத்தில்தான்.

இறந்தவர்களின் கணக்கு

பொதுச் சுகாதாரத் துறைக்கு எண்ணிக்கைதான் கண். அந்தக் கண் எங்கே மங்கியது என்பதை மறைக்காமல் பேச வேண்டும்.

தமிழ்நாட்டில் அதிகாரபூர்வமாகப் பதிவான கரோனா மரணங்கள் 38,000-ஐச் சற்றே தாண்டும். 2020 ஜூலையில் சென்னையில் விடுபட்ட 444 மரணங்களை ஒரே நாளில் அரசே சேர்த்தது. அது நேர்மையான திருத்தம். ஆனால் இரண்டாம் அலைக்குப் பிறகு, 2021 ஜூனில், ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் மதுரை ராஜாஜி மருத்துவமனை உள்ளிட்ட 6 அரசு மருத்துவமனைகள் வழங்கிய இறப்புச் சான்றிதழ்களை எண்ணிப் பார்த்து, உண்மையான இறப்பு அரசுக் கணக்கைவிடப் பல மடங்கு இருக்கும் என்று அறிக்கை வெளியிட்டது. பரிசோதனை முடிவு வரும் முன்பே இறந்தவர்கள், ‘நெகட்டிவ்’ என்று மாறிய பிறகு நுரையீரல் பாதிப்பால் இறந்தவர்கள், வீட்டிலேயே இறந்தவர்கள் எல்லாரும் கணக்கில் வராமல் போக வாய்ப்பு உண்டு. இந்தியா முழுவதற்கும் 2020, 2021 ஆண்டுகளில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 47 லட்சம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கு 5 லட்சத்துக்கும் குறைவு. மத்திய அரசு அந்த மதிப்பீட்டின் முறையை ஏற்கவில்லை.

இறந்தவரின் குடும்பத்துக்கு அந்தச் சான்றிதழில் உள்ள ஒரு சொல்தான் இழப்பீட்டையும் பிள்ளைகளுக்கான உதவியையும் தீர்மானித்தது. அறிவியலுக்கோ, எந்தப் பகுதியில், எந்த வயதில், எத்தனையாவது நாளில் மக்கள் இறந்தார்கள் என்பது அடுத்த அலையை எதிர்கொள்ளும் வழிகாட்டி. மதுரையின் தத்தனேரி மயானப் பதிவேடும், மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவும், மருத்துவமனைக் கணக்கும் மூன்றும் ஒன்றையொன்று சரிபார்க்கும்படி வாரந்தோறும் வெளியாக வேண்டும்.

இது முடியாத காரியம் இல்லை என்பதற்குச் சான்று தமிழ்நாட்டுக்குள்ளேயே உண்டு. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அந்த மரணத்தை இங்கே பல ஆண்டுகளாகத் தனித்தனியே தணிக்கை செய்கிறார்கள். எந்த நேரத்தில் வலி வந்தது, வண்டி எப்போது வந்தது, ரத்தம் கிடைத்ததா, எங்கே தாமதம் என்று மாவட்ட அளவில் அமர்ந்து விவாதிக்கிறார்கள். தாய்மார்களின் இறப்பு இங்கே வெகுவாகக் குறைந்ததில் அந்தத் தணிக்கைக்குப் பங்கு உண்டு. அதே கேள்விகளைக் கரோனா மரணங்களிடமும் கேட்டிருக்கலாம்.

நகரத்தில் உள்ள ஓட்டை

2021 ஜனவரி 16 அன்று தமிழ்நாட்டின் தடுப்பூசித் திட்டம் பெரியாஸ்பத்திரியில்தான் தொடங்கியது. முதலில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் மருத்துவப் பணியாளர்கள். பல பத்தாண்டுகளாகக் குழந்தைகளுக்கு ஊசி போட்டுப் பழகிய செவிலியர்களும், ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை நீண்ட குளிர்பதனச் சங்கிலியும் ஏற்கெனவே இருந்ததால் ஊசி கிராமங்களை எட்டியது. செப்டம்பரில் தொடங்கிய மாபெரும் ஞாயிற்றுக்கிழமை முகாம்கள் அந்தக் கட்டமைப்பின் மீதே நின்றன. வைரஸின் புதிய உருமாற்றங்களை அறிய மாதிரிகளை வெளி மாநிலங்களுக்கு அனுப்பிக் காத்திருந்த நிலையும் அதே செப்டம்பரில் மாறியது. மரபணு வரிசையைப் படிக்கும் ஆய்வகம் ஒன்றை மாநிலம் சென்னையில் சொந்தமாகத் திறந்தது.

பலவீனம் வேறிடத்தில் இருந்தது. கிராம சுகாதார செவிலியர் என்ற சங்கிலி கிராமத்துக்கென்று உருவானது. மாநகராட்சி எல்லைக்குள் பொறுப்பு மாநகராட்சிக்கு, அதன் நகர்நல அலுவலருக்கு. மதுரையின் செல்லூரிலும் ஜெய்ஹிந்த்புரத்திலும் ஒரு தெருவில் வாழும் மக்கள்தொகை சில கிராமங்களைவிடப் பெரிது. ஆனால் மக்கள்தொகைக்கு ஏற்ற அளவு களப்பணியாளர் அங்கே இல்லை. வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்போரை யாரும் பதிவேட்டில் வைத்திருக்கவில்லை. 2020 ஜூனில் மதுரை திணறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதைச் சரிசெய்யும் முயற்சியாக மாநிலம் முழுவதும் 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டு, 2023 ஜூனில் 500 மையங்கள் திறக்கப்பட்டன. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர் என்பது ஒவ்வொரு மையத்துக்கும் உள்ள ஏற்பாடு. அந்த நான்கு இடங்களும் நிரப்பப்பட்டு, நிரப்பியவர்கள் ஒப்பந்தம் முடிந்து போய்விடாமல் அதே தெருக்களில் ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும். கரோனா நெருக்கடி நிலை முடிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்த பிறகு, இதற்கான பணத்தைக் கேட்டுப் பெறுவது ஒவ்வோராண்டும் கடினமாகும். மதுரை மாமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது, எத்தனை சுகாதார ஆய்வாளர் பணியிடங்கள் காலி, எந்தெந்த வார்டில், எத்தனை மாதமாக என்று உறுப்பினர்களும் அவர்களுக்கு வாக்களித்தவர்களும் கேட்க வேண்டிய நேரம் இது.